எடின்பரோவுக்கு யார் டிக்கெட் எடுப்பது?

பெங்களூரு ஜே.பி. நகரில் உள்ள ரங்க சங்கரா அரங்கில் சுமார் 320 இருக்கைகள். டிக்கெட் 300 ரூபாய் என்று வைத்து, ஓர் இருக்கைகூடக் காலியில்லாமல் விற்றால் கைக்கு வருவது 96,000 ரூபாய். அரங்க வாடகை, விளக்கு, ஒலி, சுவரொட்டி, சாமான் ஏற்றி இறக்கும் கூலி எல்லாம் இதிலிருந்துதான் போக வேண்டும். ஒருவர் மட்டும் நடிக்கும் நாடகம் என்றால் மிச்சம் கொஞ்சம் தாராளமாக இருக்கலாம். அந்த மிச்சத்தை எடுத்துக்கொண்டு ஆகஸ்ட் மாதம் கலைவிழா நடக்கும் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் இறங்கினால், மாதம் முழுக்கத் தங்க ஒரு சாதாரண அறைக்கே அது காணாது. விமானச் சீட்டு, விசா, அங்குள்ள அரங்கத்துக்குக் கட்ட வேண்டியது எல்லாம் அதற்கு மேல்.

இருந்தும் பெங்களூரு நாடகக்காரர்கள் கடல் கடந்து போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். ஓராள் நாடகம் இதற்குத் தோதான வடிவம். பத்துப் பேர் குழு என்றால் பத்து விமானச் சீட்டு, பத்து விசா, பத்துப் படுக்கை. ஓராள் நாடகத்துக்கு நடிகர் ஒருவர், விளக்கையும் ஒலியையும் பார்த்துக்கொள்ள இன்னொருவர் போதும். சில சமயம் அந்த இன்னொருவரும் விழா நடக்கும் ஊரிலேயே கிடைத்துவிடுவார்.

இந்த ஊருக்கு அந்த வடிவம் புதிதும் அல்ல. கிரீஷ் கர்னாடின் ‘ஒடகலு பிம்ப’ 2005இல் இங்கே மேடையேறியது. மேடையில் ஒரே ஒரு நடிகை. எதிரே ஒரு தொலைக்காட்சித் திரை. திரையில் தெரியும் அவருடைய பிம்பமே அவரைக் குறுக்கு விசாரணை செய்யும். கன்னடத்தில் அருந்ததி நாக் நடித்தார், ஆங்கிலத்தில் அருந்ததி ராஜா. கன்னடத்தில் எழுதிவந்த ஒரு பெண் ஆங்கிலத்தில் ஒரு நாவல் எழுதி, வெளிநாட்டுப் பணமும் புகழும் வந்து சேர்ந்த பிறகு எதிர்கொள்ளும் கேள்விகள்தான் கதை. வெளிநாட்டு விழாவுக்குக் காசு தேடும் நாடகக்காரர் யாருக்கும் அந்தக் கதை கொஞ்சம் உறுத்தவே செய்யும். சந்திரசேகர கம்பாரின் நாவலைத் தழுவி லட்சுமி சந்திரசேகர் நடித்த ‘சிங்காரெவ்வ’, தீபிகா அர்விந்தின் ‘நோ ரெஸ்ட் இன் த கிங்டம்’ என்று அந்த வரிசை நீளமானது.

பணத்தைப் பற்றிப் பேசுமுன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. யார் கூப்பிட்டார்கள்? அந்தப் பதிலில்தான் யார் செலவு செய்வது என்பதும் அடங்கியிருக்கிறது.

உலகத்து நாடக விழாக்களில் ஒரு வகை, நிகழ்ச்சிகளைத் தாமே பார்த்துத் தேர்ந்து அழைப்பவை. இவற்றில் பொதுவாக விழாக்காரர்களே பயணம், தங்குமிடம், நடிப்புக்கான ஊதியம் மூன்றையும் ஏற்பார்கள். டெல்லியின் மல்லிகா தனேஜா, ‘தோடா த்யான் ஸே’ என்ற சின்னஞ்சிறு ஓராள் நாடகத்தோடு இந்த வழியில்தான் உலகம் சுற்றினார். பெண்ணுக்குச் சொல்லப்படும் ‘கொஞ்சம் ஜாக்கிரதையாக இரு’ என்ற அறிவுரையை ஏற்று, மேடையில் உடைமேல் உடையாக அணிந்துகொண்டே போகும் நாடகம் அது. 2015இல் சூரிச் நகரின் தியேட்டர் ஷ்பெக்டாகெல் விழாவில் அதற்குப் பரிசும் கிடைத்தது. இப்படிப்பட்ட விழாவின் அழைப்பு கையில் இருந்தால் நிதி திரட்டும் வேலையே பாதிக்கு மேல் தீர்ந்துவிடும்.

இன்னொரு வகை ஃபிரிஞ்ச். 1947இல் எடின்பரோ சர்வதேச விழா தொடங்கியபோது, அழைப்பில்லாமல் எட்டு நாடகக் குழுக்கள் ஊருக்கு வந்து, கிடைத்த இடங்களில் தாமாகவே நாடகம் போட்டன. அதுதான் வளர்ந்து உலகின் மிகப் பெரிய கலைவிழாவாகிவிட்டது. 1958இல் ஃபிரிஞ்ச் சங்கம் அமைந்தபோதும், எந்த நாடகம் வரலாம், எது வரக்கூடாது என்று சங்கம் தீர்ப்புச் சொல்லாது என்பதைக் கொள்கையாகவே வைத்துக்கொண்டார்கள். பதிவுக் கட்டணம் கட்டி, ஓர் அரங்கத்தோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் யாரும் நடிக்கலாம்.

ஆகவே “எடின்பரோ ஃபிரிஞ்சுக்குத் தேர்வாகியிருக்கிறது” என்ற செய்தியைப் பார்த்தால் வாசகர்கள் கொஞ்சம் நிதானிக்கலாம். பெரிய அரங்க நிறுவனங்கள் சில, வரும் விண்ணப்பங்களிலிருந்து தேர்ந்தெடுப்பது உண்மை. விழா யாரையும் தேர்வதில்லை. நன்கொடை கேட்பவர் இதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். நாட்டின் சார்பில் போட்டிக்குப் போவதுபோல ஒரு தோரணையில் பணம் கேட்பதைவிட, “அது ஒரு சந்தை, கடை போடப் போகிறேன், வாடகைக்கு உதவுங்கள்” என்று கேட்பது நேர்மை. சந்தைக்குப் போவதில் குறைவும் இல்லை. உலகெங்குமிருந்து அரங்க நிர்வாகிகளும் விழா இயக்குநர்களும் தொலைக்காட்சிக்காரர்களும் அந்த மாதத்தில் அங்கே கூடுகிறார்கள். மும்பையின் உரூஜ் அஷ்ஃபாக் 2023இல் ‘ஓ நோ!’ என்ற தனி நகைச்சுவை நிகழ்ச்சியோடு அங்கே போய், எடின்பரோ நகைச்சுவை விருதுகளில் சிறந்த புதுமுகமாகத் தேர்வானார். இதைத் ‘தேர்வு’ என்று தயங்காமல் சொல்லலாம்.

ஆனால் கூட்டம் பயங்கரம். 2024 ஃபிரிஞ்சில் 3,746 நிகழ்ச்சிகள். விற்ற டிக்கெட்டுகள் சுமார் 26 லட்சம். வகுத்துப் பார்த்தால் ஒரு நிகழ்ச்சிக்கு, விழா முழுவதற்கும் சேர்த்து, சராசரியாக 700 டிக்கெட்கூட வரவில்லை. தொலைக்காட்சிப் புகழ் உள்ள நகைச்சுவையாளர்கள் ஆயிரக்கணக்கில் அள்ளிக்கொள்கிறார்கள் என்பதையும் சேர்த்தால், பெயர் தெரியாத பெங்களூரு நடிகருக்கு மிஞ்சுவது எவ்வளவு என்று ஊகித்துக்கொள்ளலாம்.

ஒரு கற்பனைக் கணக்கு. அறையில் 50 இருக்கை, டிக்கெட் 10 பவுண்டு, தினமும் பாதி அரங்கம் நிறைகிறது. இதுவே அங்கே நல்ல வசூல். நாளுக்கு 250 பவுண்டு. அரங்கத்துக்கு 40, நடிகருக்கு 60 என்று நூற்றில் பிரித்துக்கொள்வது பரவலான ஏற்பாடு. நடிகர் பங்கு 150 பவுண்டு. 24 நாள் நடித்தால் 3,600 பவுண்டு, அதாவது நாலு லட்சம் ரூபாய் சுமாருக்கு. இதிலும் வரி, டிக்கெட் விற்பனைக் கழிவு உண்டு. இன்னொரு கொக்கியும் இருக்கிறது. பல அரங்கங்கள் குறைந்தபட்ச உத்தரவாதத் தொகை ஒன்றை ஒப்பந்தத்தில் எழுதிவைக்கின்றன. வசூல் அதற்குக் கீழே போனால் வித்தியாசத்தை நடிகர் தன் கையிலிருந்து தர வேண்டும். எனவே டிக்கெட் வருமானத்தை நம்பிக் கடன் வாங்கிப் புறப்படுவது விவேகமல்ல. அங்கே வரும் வசூலை எதிர்பாராத போனஸாக வைத்துக்கொண்டு, முழுச் செலவையும் இங்கேயே திரட்டிவிட்டுக் கிளம்புவதுதான் பாதுகாப்பு.

செலவைக் குறைக்க அங்கேயே ஒரு வழி இருக்கிறது. 1996இல் பீட்டர் பக்லி ஹில் என்ற நகைச்சுவையாளர் ‘ஃப்ரீ ஃபிரிஞ்ச்’ என்று ஒன்றைத் தொடங்கினார். மதுக்கடைகளின் பின்னறைகளில் அரங்க வாடகை இல்லாமல் நடிக்கலாம். பார்வையாளருக்கும் கட்டணம் இல்லை. முடிந்ததும் நடிகர் வாசலில் வாளியோடு நிற்பார். தெருக்கூத்து முடிந்து துண்டு விரிக்கும் ஊரிலிருந்து போகிறவருக்கு இதில் கூச்சப்பட என்ன இருக்கிறது? நகைச்சுவைக்குத்தான் இந்த வழி அதிகம் பொருந்தும் என்பது மட்டும் ஞாபகமிருக்கட்டும். விளக்கமைப்பும் நிசப்தமும் தேவைப்படும் நாடகத்துக்குப் பின்னறை ஒத்துவராது.

எடின்பரோ மோகத்தில் நம்மவர்கள் அதிகம் கவனிக்காத இடம் கனடா. 1982இல் எட்மன்டன் நகரில் தொடங்கிய ஃபிரிஞ்ச் அங்கே பல ஊர்களுக்குப் பரவியிருக்கிறது. அந்த விழாக்களில் இடம் பெரும்பாலும் குலுக்கல் முறையில் கிடைக்கிறது. உள்ளூர்க்காரர், பிற மாகாணத்தவர், வெளிநாட்டவர் என்று தனித்தனிப் பானைகள். பெயர் வந்துவிட்டால் ஒரு நிலையான கட்டணம் கட்ட வேண்டும். அரங்கமும் தொழில்நுட்பப் பணியாளரும் அதற்குள் அடக்கம். நடிகர் நிர்ணயிக்கும் டிக்கெட் விலை முழுக்க நடிகருக்கே சேர வேண்டும் என்பது கனடிய ஃபிரிஞ்ச் விழாக்களின் அடிப்படை விதி. வெளியூர்க் கலைஞர்களை உள்ளூர்க் குடும்பங்கள் வீட்டில் தங்கவைத்துக்கொள்ளும் வழக்கமும் உண்டு. டொரன்டோவில் வாழும் தமிழர் தொகையைச் சேர்த்து எண்ணிப் பார்த்தால், தமிழ் தெரிந்த ஒரு பெங்களூரு நடிகருக்கு எடின்பரோவைவிட இதுவே கைக்கு அடக்கமான பந்தயம்.

மூன்றாவது வழி, நாடகம் உருவாகும்போதே வெளிநாட்டுக் கூட்டாளியைச் சேர்த்துக்கொள்வது. இதற்குப் பெங்களூரில் ஓர் அருமையான உதாரணம் ‘சி ஷார்ப் சி பிளண்ட்’. 2013இல் உருவான இந்த நாடகத்தில் கன்னடப் பாடகியும் நடிகையுமான எம்.டி. பல்லவி, ‘ஷில்பா’ என்ற கைபேசிச் செயலியாக மேடைக்கு வருகிறார். சொன்னால் பாடும், சிரிக்கும், பணியும் செயலி. பயன்படுத்துவோரின் விருப்பத்துக்கேற்ப அடுத்தடுத்து ‘அப்டேட்’ ஆக ஆக, ஆண்களின் எதிர்பார்ப்புக்கேற்ப ஒரு பெண் எப்படியெல்லாம் வெட்டி ஒட்டப்படுகிறாள் என்பது வெளிப்படும். மென்பொருள் நகரத்துக்கு இதைவிடப் பொருத்தமான கரு கிடைக்காது. இதை இயக்கியவர் சோஃபியா ஸ்டெப்ஃப். தயாரித்தது அவருடைய ஜெர்மானியக் குழுவான ஃபிளின் வொர்க்ஸ்.

இதில் கவனிக்க வேண்டியது இது. பெங்களூரில் நாடகம் போட்டு முடித்துவிட்டு ஜெர்மனிக்குப் போகப் பணம் தேடும் நிலையே இங்கு வரவில்லை. ஜெர்மானியக் குழு ஒன்று தயாரிப்பில் இருக்கும்போது, அந்த நாட்டின் அரங்கங்களும் நல்கைகளும் வாசலிலேயே திறந்திருக்கின்றன. பிற்பாடு 2016இல் கோத்தே இன்ஸ்டிட்யூட் சர்வதேசக் கூட்டுத்தயாரிப்புக்கென்றே ஒரு நிதியை ஏற்படுத்தியது. சுவிட்சர்லாந்தின் கலைக் கவுன்சிலான புரோ ஹெல்வேஷியாவுக்கு டெல்லியில் அலுவலகம் இருக்கிறது. இவை நமக்காக ஒதுக்கிய தர்மப் பணமில்லை. தங்கள் நாட்டுக் கலைஞர்களுக்கும் அதில் வேலை இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும் பணம். அதனால்தான் தனியாக விண்ணப்பிக்கும் நடிகரைவிட, அந்த நாட்டுக் கூட்டாளியோடு வருபவருக்குக் கதவு எளிதாகத் திறக்கிறது.

உள்நாட்டு நல்கைகள் எப்படி? பெங்களூரிலேயே இருக்கிறது கலைகளுக்கான இந்திய அறக்கட்டளையான ஐ.எஃப்.ஏ. 1993இல் தொடங்கி 1995 முதல் நல்கைகள் தருகிறது. ஆய்வு, படைப்பு, கலைக் கல்வி, ஆவணக் காப்பகம் என்று அதன் திட்டங்கள் விரியும். பெங்களூரின் அஞ்சல் குறியீட்டை வைத்து ‘புராஜெக்ட் 560’ என்றே ஒரு திட்டம் உண்டு. ஒரு நாடகம் பிறப்பதற்கான காசு இங்கே கிடைக்கக்கூடும். பிறந்த நாடகம் பறப்பதற்கான காசை வேறிடத்தில்தான் தேட வேண்டும். சார்ல்ஸ் வாலஸ் இந்தியா டிரஸ்ட் இன்னொரு பெயர். கல்கத்தாவில் வணிகம் செய்து 1916இல் மறைந்த சார்ல்ஸ் வாலஸின் சொத்திலிருந்து, 1981 முதல் பிரிட்டனுக்குப் போகும் இந்தியர்களுக்கு உதவி வருகிறது. அதன் நாட்டம் படிப்பு, பயிற்சி, ஆய்வு. மௌலானா ஆசாத் 1950இல் தொடங்கிய ஐ.சி.சி.ஆர். கலைஞர்களை வெளிநாடுகளுக்கு அனுப்பும் அரசு அமைப்பு. அதற்கு முதலில் அதன் கலைஞர் பட்டியலில் இடம்பெற வேண்டும். செவ்வியல் ஆடல், இசைக்காரர்களோடு ஒப்பிட்டால் நவீன ஓராள் நாடகக்காரர் அந்த வரிசையில் ஓரமாகத்தான் நிற்கிறார்.

பெங்களூரு என்றதும் யாருக்கும் தோன்றும் யோசனை ஒன்று உண்டு. இத்தனை பெரிய கம்பெனிகள் இருக்கின்றனவே, சி.எஸ்.ஆர். எனப்படும் சமூகப் பொறுப்புப் பணம் கேட்டால் என்ன? 2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ சொத்தோ விற்றுமுதலோ உள்ள நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். கலை, பண்பாடு என்ற தலைப்பும் அனுமதிப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் 2021இல் திருத்திய விதிகள் இரண்டு இடத்தில் கதவை மூடுகின்றன. இந்தியாவுக்கு வெளியே நடக்கும் செயல்பாடு சி.எஸ்.ஆர். கணக்கில் சேராது. இதற்கு ஒரே விலக்கு, தேசிய அளவில் மாநிலத்தின் சார்பிலோ, சர்வதேச அளவில் நாட்டின் சார்பிலோ ஆடும் விளையாட்டு வீரர்களின் பயிற்சி. நிறுவனத்தின் விளம்பர லாபத்துக்காகத் தரும் ஸ்பான்சர் தொகையும் சேராது. ஆக ஓட்டப்பந்தய வீராங்கனை வெளிநாட்டில் பயிற்சி பெற அந்தப் பணம் போகலாம், நாடக நடிகை நடிக்கப் போக முடியாது. நியாயமா என்று கேட்டால் பதில் இல்லை. ஆனால் நிறுவனத்தின் சி.எஸ்.ஆர். அதிகாரியைப் பார்க்கக் காத்துக் கிடக்கும் நாடகக்காரருக்கு இந்த விதி தெரிந்திருந்தால் ஒரு மாத அலைச்சல் மிச்சம்.

கம்பெனிப் பணம் வரும் உண்மையான வாசல் மனிதவளத் துறை. நகரத்து நாடகக்காரர்கள் பலருக்கு மாதச் சோறு போடுவதே நிறுவனங்களில் நடத்தும் பயிற்சிப் பட்டறைகளும் பள்ளிக்கூட நாடக வகுப்புகளும் குரல் கொடுக்கும் வேலைகளும்தான். 2013இல் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் வந்த பிறகு, ஊழியர்களுக்கு விழிப்புணர்வு தருவது நிறுவனங்களின் கடமையாகிவிட்டது. பெண்ணின் அன்றாடத்தைப் பேசும் ஓராள் நாடகம் கையில் இருப்பவர், ஒரு காட்சியையும் அதைத் தொடர்ந்த கலந்துரையாடலையும் சேர்த்து ஒரு நிறுவனத்துக்கு விலை சொல்லி விற்கலாம். அது நன்கொடை ஆகாது. செய்த வேலைக்கான கூலி, பில் போட்டு வாங்கும் காசு. மகளிர் தினத்தை ஒட்டிய வாரங்களில் இப்படி நாலைந்து காட்சிகள் அமைந்தால் விமானச் சீட்டு எடுத்துவிடலாம். நாடகம் அலுவலகச் சிற்றுண்டிக் கூடத்தில் குழல்விளக்கு வெளிச்சத்தில் நடக்கும் என்பது இதற்குக் கொடுக்கும் விலை.

மக்களிடமே கையேந்துவது கடைசி வழியாகத் தோன்றலாம். பெங்களூரில் அதற்குப் புகழ்பெற்ற முன்னோடி இருக்கிறது, சினிமாவில். நாடகத்திலிருந்து வந்த இயக்குநர் பவன் குமார், தயாரிப்பாளர் கிடைக்காத வெறுப்பைத் தன் வலைப்பூவில் கொட்டினார். அதைப் படித்தவர்கள் பணம் போட முன்வந்தார்கள். 27 நாளில், சுமார் 110 பேரிடமிருந்து, 50 லட்சம் ரூபாய். அதுதான் 2013இல் வந்த ‘லூசியா’. தமிழில் ‘எனக்குள் ஒருவன்’ என்று சித்தார்த் நடித்து வெளியானதும் அதே கதைதான். ‘லூசியா’ லண்டன் இந்தியத் திரைப்பட விழாவில் முதன்முதலாகத் திரையிடப்பட்டு, பார்வையாளர் விருதும் வாங்கியது.

இந்தக் கதையை நாடகக்காரர்கள் அடிக்கடி மேற்கோள் காட்டுவதுண்டு. ஒப்பீடு முழுதாகப் பொருந்தாது. லூசியாவுக்குப் பணம் போட்டவர்கள் ஒரு சொத்தில் பங்கு வாங்கினார்கள். படம் ஓடினால், தொலைக்காட்சி உரிமை விற்றால், பணம் திரும்பும். விழாவுக்குப் போய்வரும் நாடகத்தில் விற்க மிஞ்சுவது எதுவுமில்லை. ஆகவே நாடகத்துக்கு வருவது முதலீடு அல்ல, அன்பளிப்பு. அன்பளிப்பு தருபவர் பெரும்பாலும் நடிகரை மேடையில் பார்த்தவர், அல்லது அவரிடம் நடிப்புப் படித்த பிள்ளையின் பெற்றோர், அல்லது பழைய அலுவலக நண்பர். முகம் தெரியாத கூட்டம் இணையத்தில் பொழியும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

தொகை சின்னதாக இருந்தாலும் போதும் என்பதற்கு ஃபீபி வாலர்-பிரிட்ஜ் சாட்சி. ‘ஃப்ளீபேக்’ என்ற ஓராள் நாடகத்தை 2013இல் எடின்பரோவுக்குக் கொண்டுபோக, கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் அவர் குழு திரட்டியது சுமார் 4,000 பவுண்டு. நிலவறை போன்ற ஒரு சின்ன அரங்கத்தில் நடந்த அந்த நாடகம் 2016இல் பி.பி.சி. தொடராகி, பின்பு எம்மி விருதுகளை அள்ளியது. பிரிட்டனுக்குள்ளேயே பயணம் செய்தவருக்கு 4,000 போதுமானதாக இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவர் பின்னாளில் ஃபிரிஞ்ச் சங்கத்தின் தலைவராகி, 2023இல் 50 கலைஞர்களுக்குத் தலா 2,000 பவுண்டு தரும் உதவித்திட்டத்தையும் தொடங்கிவைத்தார்.

இந்தியாவில் வசிப்பவர் கிக்ஸ்டார்ட்டரில் திட்டம் தொடங்க முடியாது. விஷ்பெரி, கெட்டோ, பெங்களூரின் மிலாப் என்று இங்கேயே தளங்கள் தோன்றின. இவற்றில் விஷ்பெரி கலைத் திட்டங்களுக்கென்றே வந்தது. இலக்குத் தொகை முழுதாகச் சேராவிட்டால் பணம் கொடுத்தவர்களுக்கே திரும்பிவிடும் என்ற முறையைப் பின்பற்றியது. பெங்களூரில் உருவான சம்ஸ்கிருத அனிமேஷன் படம் ‘புண்யகோடி’ 2015இல் அங்கே 40 லட்சத்துக்கு மேல் திரட்டியிருக்கிறது. மற்ற இரண்டிலும் மருத்துவச் செலவுக்கான வேண்டுகோள்களே நிறைந்திருக்கும். புற்றுநோய்ச் சிறுவன் படத்துக்குப் பக்கத்தில் நாடகப் பயணத்துக்கு உதவி கேட்பது எவ்வளவு சங்கடம் என்பதை எண்ணிப் பார்த்துவிட்டு, நேரடியாக வங்கிக் கணக்கு எண்ணையும் யு.பி.ஐ.யையும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுபவர்களே அதிகம்.

அங்கேதான் வருமான வரி குறுக்கே வருகிறது. உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் வரும் அன்பளிப்பு மொத்தமாக 50,000 ரூபாயைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு மட்டுமல்ல, முழுத் தொகைக்கும் வரி உண்டு. உறவினர் யார் என்பதற்குச் சட்டம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. மாமா, அத்தை, சித்தி, பெரியப்பா அதில் உண்டு. அவர்களுடைய பிள்ளைகள் இல்லை. அத்தை தந்தால் வரியில்லாத அன்பளிப்பு. அத்தை மகன் தந்தால் வருமானம்!

அயல்நாட்டுப் பணம் இன்னும் நுணுக்கம். வெளிநாட்டுக் குடிமக்கள் தரும் நன்கொடை, வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் வருகிறது. அதற்கு உள்துறை அமைச்சகத்தின் பதிவோ முன் அனுமதியோ தேவை. வெளிநாட்டில் வேலை பார்த்தாலும் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர், தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது இந்தியப் பணமே. ஆக, கலிபோர்னியாவில் ஒரே தெருவில் இருக்கும் இரண்டு கல்லூரித் தோழர்களில், விசாவில் இருப்பவர் அனுப்பினால் சிக்கலில்லை. குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால் சிக்கல். அவர் கையில் ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும் கதை அதேதான். ஆனால் நடிப்புக்கான ஊதியமாகவோ விற்ற பொருளுக்கு விலையாகவோ வரும் பணம் நன்கொடை ஆகாது. நிதி திரட்டும் அறிவிப்பை வெளியிடும் முன்பே ஓர் ஆடிட்டரிடம் ஒரு மணி நேரம் உட்காருவது அதனால் நல்லது. உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் ஒரே முடிவுக்கு வருகிறார்கள்: கொடையாகக் கேட்பதைவிட டிக்கெட்டாக விற்பது மேல்.

அதற்குத்தான் வழியனுப்பும் காட்சிகள். புறப்படும் முன்பு ரங்க சங்கராவிலோ, வைட்ஃபீல்டு பக்கத்து ஜாக்ரிதியிலோ, டொம்லூரின் பெங்களூரு சர்வதேச மையத்திலோ, யாராவது ஒருவர் வீட்டு மாடியிலோ நாடகம் போடுவது. வழக்கமான விலைக்கு ஒரு டிக்கெட், ‘ஆதரவாளர்’ என்று நாலு மடங்கு விலைக்கு ஒன்று. மாடிக் காட்சிக்கு நாற்பது பேர்தான் வருவார்கள். ஆனால் அரங்க வாடகை கிடையாது, வந்தவர்களில் பாதிப்பேர் ஆதரவாளர் விலையைத் தருவார்கள். இதில் இன்னொரு நன்மை, நாடகம் பத்து முறை ஓடி மெருகேறியிருக்கும். எடின்பரோவில் ஒரே அறையில் ஒரு நாளில் பல நிகழ்ச்சிகள் அடுத்தடுத்து நடக்கும். முந்தைய குழு வெளியேறி அடுத்த குழு மேடையமைக்க சில நிமிடங்களே கிடைக்கும். பெட்டியைத் திறந்து, ப்ராப்ஸ் வைத்து, விளக்குச் சரிபார்த்து, நடித்து, துடைத்துவிட்டு வெளியேறும் பழக்கம் மாடிக் காட்சிகளில் வந்துவிடும்.

தமிழ்ச் சங்கங்களையும் கன்னடச் சங்கங்களையும் மறக்கக்கூடாது. அல்சூர் ஏரிக்கரையில் பெங்களூரு தமிழ்ச் சங்கம் இருக்கிறது. அமெரிக்காவில் தமிழ்ச் சங்கங்களின் கூட்டமைப்பான ஃபெட்னா 1987 முதல் இயங்குகிறது, கன்னடர்களுக்கு ‘அக்கா’ என்ற கூட்டமைப்பு இருக்கிறது. சென்னை நாடகக் குழுக்கள் அமெரிக்காவை வலம் வந்ததெல்லாம் இவற்றின் தோளில்தான். சங்கத்தினர் அரங்கத்தை எடுப்பார்கள், வீட்டில் தங்கவைப்பார்கள், சாம்பார் சாதத்தோடு விமான நிலையத்துக்கே வருவார்கள். ஆனால் ஞாயிறு மாலை குடும்பத்தோடு வரும் கூட்டம் சிரிக்க விரும்பும். உடலையும் சாதியையும் பற்றி ஒருத்தி தனியாக நின்று ஒரு மணி நேரம் பேசும் நாடகத்துக்கு அந்த மேடை கிடைப்பது அரிது. கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

வழியில் பிற ஊர்களிலும் நடித்துச் செலவை ஈடுகட்டலாம் என்று நினைப்பவர் விசா விதியைப் படித்துவிட்டு நினைக்க வேண்டும். பிரிட்டனில் ‘பெர்மிட் ஃப்ரீ’ விழாக்கள் என்று ஒரு பட்டியல் உண்டு. எடின்பரோ ஃபிரிஞ்ச் அதில் இருப்பதால், சாதாரணப் பார்வையாளர் விசாவிலேயே போய் அங்கே நடித்து ஊதியமும் பெறலாம். விழாவுக்கு வெளியே லண்டனில் ஒரு காட்சி, பர்மிங்காமில் ஒரு காட்சி என்று காசுக்கு நடிக்க அந்தச் சலுகை செல்லாது. அமெரிக்காவில் பண்பாட்டுக் கலைஞர்களுக்கான பி-3 விசாவுக்கு அங்குள்ள ஓர் அமைப்போ முகவரோ முதலில் மனுப்போட வேண்டும். அதற்கான கட்டணமும் காத்திருப்பும் தனி. விசா விண்ணப்பத்தோடு வங்கிக் கணக்கைக் காட்டவும் வேண்டியிருக்கும். நிலையான மாதச் சம்பளம் இல்லாத நடிகரின் கணக்கு எப்படி இருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. திரட்டிய நிதி கடைசி வாரத்தில் திடீரென்று வந்து விழுந்ததாக இல்லாமல், சில மாதங்களாகவே கணக்கில் இருந்தால் கேள்விகள் குறையும்.

மேடைச் சாமான்களுக்கும் காகிதம் உண்டு. விலையுயர்ந்த புரொஜெக்டர், இசைக்கருவிகள் எடுத்துப்போய்த் திரும்பக் கொண்டுவர ‘ஏ.டி.ஏ. கார்னே’ என்ற சுங்க ஆவணம் இருக்கிறது, இந்தியாவில் அதை வழங்குவது வர்த்தக சபைகளின் கூட்டமைப்பான ஃபிக்கி. ஓராள் நாடகத்துக்குப் பெரும்பாலும் இது தேவைப்படாது. ஒரு நாற்காலி, ஒரு சேலை, ஒரு லேப்டாப் என்று நாடகத்தையே 23 கிலோவுக்குள் எழுதிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். நாற்காலி அங்கே கிடைக்கும்.

2026 ஜூலை 24 முதல் எடின்பரோவில் தங்குமிடக் கட்டணத்தின்மேல் ஐந்து சதவீதம் பயணியர் வரி வருகிறது. முதல் ஐந்து இரவுகளுக்கு மட்டும்தான். விழாவுக்குப் போகும் கலைஞர்களுக்கும் விலக்கில்லை. மாடிக் காட்சிகளில் ஆதரவாளர் டிக்கெட் இன்னும் ஒன்றிரண்டு கூடுதலாக விற்க வேண்டியிருக்கும்.